போர்க்கொடி தூக்கியது யார்? ஒரு மரபுத்தொடரின் பொருளையும் பிறப்பையும் தேடும் முறை

வேலூரில் இந்தத் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் கோட்டைப் பக்கம் கையைக் காட்டுவார். 1806-இல் சிப்பாய்கள் கோட்டையில் திப்புவின் கொடியை ஏற்றினார்களே, அங்கே பிறந்ததுதான் ‘போர்க்கொடி தூக்குவது’ என்பார். கேட்க நன்றாக இருக்கிறது. தெற்கே போனால் இதே தொடருக்குப் பாஞ்சாலங்குறிச்சியைச் சொல்வார்கள். ஒரே தொடருக்கு இரண்டு ஊர் உரிமை கொண்டாடினால், இரண்டுமே தவறாக இருக்க வாய்ப்பு அதிகம். ‘சொல்வார்கள்’ என்பதைத் தாண்டிப் போய்ச் சோதிப்பது எப்படி என்பதற்கான வழிமுறை இது. மரபுத்தொடர் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும், உள்ளூர் வரலாறு எழுதுபவர்களுக்கும் உதவும். இங்கே கையிலெடுப்பது ஒரு தொடர்தான். வேறு எந்தத் தொடருக்கும் இதே முறை பொருந்தும்.

முதலில் பொருளைப் பிடியுங்கள். பிறப்பு அப்புறம்.

பலரும் தலைகீழாகச் செய்வது இங்கேதான். தொடரைக் கேட்டதும் ‘எங்கிருந்து வந்தது’ என்று ஓடுகிறார்கள். என்ன பொருளில் புழங்குகிறது என்பது கையில் இல்லாவிட்டால், எந்தக் கதை வந்து ஒட்டினாலும் சரியென்றுதான் தோன்றும். அதனால் இருபது வாக்கியங்களைச் சேருங்கள். பத்து அச்சில் வந்தவை, பத்து வாயில் வந்தவை. பத்துக்குக் கீழே போனால் ஒரே ஒரு செய்தியாளரின் பழக்கத்தைத் தமிழின் பழக்கம் என்று நம்பிவிடுவீர்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: தூக்கியது யார், யாருக்கு எதிராக, என்ன வினைச்சொல் வந்தது, தூக்கியவர் அதற்கு முன் எங்கே இருந்தார்.

நான்காவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. ஆனால் விடை அதில்தான் இருக்கிறது. இந்த இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்:

“ஊழியர்கள் மேலாளருக்கு எதிராகப் போர்க்கொடி தூக்கினார்கள்.”

“மேலாளர் ஊழியர்களுக்கு எதிராகப் போர்க்கொடி தூக்கினார்.”

முதலாவது வழுக்கிக்கொண்டு போகிறது. இரண்டாவது காதில் இடறுகிறது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரை ஒடுக்கலாம், கண்டிக்கலாம், வேலையை விட்டே தூக்கலாம். போர்க்கொடி மட்டும் தூக்க முடியாது. மருமகள் மாமியாருக்கு எதிராகத் தூக்கலாம். கட்சியின் மாவட்ட நிர்வாகிகள் தலைமைக்கு எதிராகத் தூக்கலாம். கட்சியை விட்டுப் போய் வேறு கட்சி தொடங்கியவர் பழைய தலைவரைத் திட்டினால் அது வெறும் எதிர்ப்பு. போர்க்கொடி என்று எழுதினால் சப்பென்று இருக்கும். எதிர்க்கட்சிக்கும் மாநில அரசுக்கும் இந்தத் தொடரைப் போடுகிறார்கள், தவறில்லை. ஆனால் அதன் காரம் முழுதாக இறங்குவது நேற்றுவரை அதே கூரையின் கீழ் அடங்கி இருந்தவர் தலையைத் தூக்கும்போதுதான்.

ஆகப் பொருள் இது: ஓர் அதிகாரத்துக்குக் கீழே, அதன் உள்ளே இருப்பவர், அந்த அதிகாரத்தை வெளிப்படையாக எதிர்த்து நிற்பது. ‘வெளிப்படையாக’ என்பதை விட்டுவிடாதீர்கள். முணுமுணுப்பதும் மொட்டைக் கடுதாசி போடுவதும் போர்க்கொடி ஆகாது. நாலு பேர் பார்க்க உயர்த்துவதுதான் கொடி.

அடுத்தது வினைச்சொல். ‘கொடி’ என்ற பெயர்ச்சொல் அப்படியே இருக்க, வினை மாறினால் பொருள் எங்கோ போய்விடுகிறது. ஆகஸ்ட் 15-க்குக் கொடி ஏற்றுகிறோம். கோயில் திருவிழாவுக்கும் கொடியேற்றம்தான். இவற்றில் எதிர்ப்பு எதுவும் இல்லை. கொடி நாட்டினால் சாதனை. கொடி கட்டிப் பறந்தால் செல்வாக்கு. கொடி காட்டினால் சைகை. கொடி பிடித்தால் இரண்டும்கெட்டான்: “அவன் அந்தக் கட்சிக்குக் கொடி பிடிக்கிறான்” என்றால் ஆதரவு, “இன்னா நைனா, வூட்ல எல்லாரும் உனக்கு எதிரா கொடி புடிக்கிறாங்களாமே” என்றால் எதிர்ப்பு. நான்காம் வேற்றுமைக்குப் பிறகு ‘எதிராக’ வருகிறதா என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். தூக்கினால் அல்லது உயர்த்தினால், அதுவும் முன்னால் ‘போர்’ இருந்தால், கிளர்ச்சி என்பதில் சந்தேகமே இல்லை.

எழுதுபவர்கள் சறுக்கும் இடமும் இதுவே. ‘போர்க்கொடி ஏற்றினர்’ என்று எழுதினால் விழா வாடை அடிக்கும். ‘போர்க்கொடி காட்டினர்’ என்பது கருப்புக்கொடி காட்டியதோடு குழம்பியது. ‘போர்க்கொடி தூக்கப்பட்டது’ என்று செயப்பாட்டுவினையில் போட்டால் தொடர் செத்துவிடுகிறது, ஏனென்றால் தூக்கியவர் யார் என்பதுதான் அதில் செய்தியே. தலைப்பில் மட்டும் வினையை விட்டுவிட்டு ‘தலைமைக்கு எதிராகப் போர்க்கொடி’ என்று நிறுத்தலாம். படிப்பவர் மீதியைத் தானே போட்டுக்கொள்வார். அப்புறம் அந்த க்: போர்க்கொடி. ஒற்றில்லாமல் ‘போர்கொடி’ என்று எழுதுவது பிழை. ஆனால் தேடும்போது அந்தப் பிழை வடிவத்தையும் தட்டிப் பார்க்க வேண்டும், பிழையோடு அச்சேறியவை ஏராளம்.

இனி பிறப்பு. ‘எப்போது பிறந்தது’ என்ற ஒரே கேள்வியை மூன்றாக உடையுங்கள். கொடியைப் போருக்கும் சவாலுக்கும் எடுக்கும் வழக்கம் எப்போதிலிருந்து? ‘போர்க்கொடி’யும் ‘தூக்கு’ம் சேர்ந்து ஒரு தொடராக உறைந்தது எப்போது? கொடியே இல்லாத இடத்தில், அதாவது வீட்டிலும் அலுவலகத்திலும், அதைச் சொல்லத் தொடங்கியது எப்போது? மூன்றுக்கும் ஒரே விடை வரவே வராது. ஊர்க் கதைகள் எல்லாம் முதல் கேள்விக்கான விடையை எடுத்து மூன்றாவதற்கு ஒட்டுகின்றன.

முதல் கேள்விக்குச் சங்க இலக்கியத்திலேயே ஆள் கிடைக்கிறார். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை வரிசையாகச் சொல்லி வரும்போது, கள் விற்கும் கடையின் கொடி ஒன்று, கற்றறிந்த ஆசிரியர்கள் வாதத்துக்கு அழைத்து எடுத்த கொடி ஒன்று. ‘உறழ் குறித்து எடுத்த உருகெழு கொடி’ என்பது அந்த வரி. உறழ் என்றால் மாறுபாடு, வாதம். ‘எனக்கு எதிராக நிற்க யாராவது உண்டா’ என்று கேட்கக் கொடி எடுப்பது அப்போதே இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கொடி ஒரு புலவர் இன்னொரு புலவருக்கு விடும் சவால், சமமானவர்களுக்கு இடையிலானது. கீழே இருப்பவர் மேலே இருப்பவரை எதிர்ப்பது இதில் இல்லை. படம் பழையது, நாம் தேடும் பொருள் இன்னும் வந்து சேரவில்லை. குறிப்பில் இதை இரண்டு வரியாகவே எழுதுங்கள். ‘சங்க காலத்திலேயே இந்த மரபுத்தொடர் உண்டு’ என்று ஒரே வரியாக எழுதினால் பொய்யாகிவிடும்.

இரண்டாவது கேள்விக்கு அகராதிகளைக் கால வரிசையில் புரட்டுங்கள். 1779-இல் வந்த ஃபெப்ரீஷியஸ் அகராதி, 1862-இல் வந்த வின்சுலோ அகராதி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, 1992-இல் முதல் பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. முதல் மூன்றும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, ஆனால் ஃபெப்ரீஷியஸ் மட்டும் அங்கே 1972-இல் வந்த திருத்திய பதிப்பு. ஒவ்வொன்றிலும் ‘போர்க்கொடி’யோடு நிறுத்தாமல் ‘கொடி’, ‘தூக்கு’, ‘எடு’, ‘உயர்த்து’ ஆகிய பதிவுகளின் கீழும் பாருங்கள். தொடர்கள் பெரும்பாலும் வினைச்சொல்லின் அடியில்தான் ஒளிந்திருக்கும். அகராதியில் இருந்தால் அந்த ஆண்டுக்குள் புழக்கத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். இல்லாவிட்டால் அதற்கு எந்தப் பொருளும் இல்லை. பேச்சு மொழியை விட்டுவிடுவது பழைய அகராதிகளின் வழக்கம்.

அகராதிக்கு அடுத்து அச்சு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், பழைய நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டம், நேரில் போக முடிந்தால் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். வேலூரிலிருந்து காலை ரயிலைப் பிடித்தால் ஒரு பகல் வேலை. தேடும்போது இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, நூறு ஆண்டுகளுக்கு முந்தைய உரைநடையில் ‘கொடி’க்குப் பதில் ‘துவஜம்’ இருக்கலாம், ‘போரு’க்குப் பதில் ‘யுத்தம்’ இருக்கலாம், ‘கலகக்கொடி’ என்றும் வரலாம். இவற்றை எல்லாம் தனித்தனியே தட்ட வேண்டும். இன்னொன்று எழுத்து. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் ‘னா’வைத் துணைக்கால் இல்லாமல் ஒரே எழுத்தாக அச்சிட்டார்கள். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் மென்பொருள் அதைக் கண்டபடி வாசிக்கும். ‘தூக்கினான்’, ‘தூக்கினார்’ என்று தேடினால் பழைய பக்கங்கள் நழுவிவிடும். ‘தூக்கி’ என்று மட்டும் தட்டுங்கள். குப்பையும் வரும், ஆனால் மீன் தப்பாது.

இப்போது கோட்டைக்கு வரலாம்.

ஊர்க் கதையைச் சோதிக்க வேண்டுமானால், அந்த நிகழ்வை முதலில் நேராகத் தெரிந்துகொள்ள வேண்டும். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் மாண்டபின் அவர் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் கொண்டுவந்து வைத்தார்கள். 1805 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைத் தலைமைத் தளபதி ஜான் கிரடாக் புதிய உடை விதிகளைக் கொண்டுவந்தார். அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, மீசையை அளவாக வெட்ட வேண்டும், தோல் பதக்கம் வைத்த, தொப்பி மாதிரியான புதிய தலைப்பாகை அணிய வேண்டும். தொப்பி என்றால் அன்றைக்கு ஐரோப்பியன், கிறிஸ்தவனாக மாறியவன் என்ற அர்த்தம். இந்துச் சிப்பாய்க்கும் முஸ்லிம் சிப்பாய்க்கும் ஒரே சமயத்தில் சுட்டது அதனால்தான். 1806 மே மாதத்தில் மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. ஜூலை 10 விடிவதற்கு முன் சிப்பாய்கள் எழுந்தார்கள். கோட்டையில் அப்போது 69-ஆம் ரெஜிமென்டின் நான்கு ஐரோப்பியப் படைப்பிரிவுகளும் மூன்று சிப்பாய் பட்டாளங்களும் இருந்தன. கோட்டைத் தலைவர் கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். திப்புவின் மகன் ஃபதே ஹைதரை அரசராக அறிவித்து மைசூர் சுல்தான்களின் கொடியை ஏற்றினார்கள். செய்தி ஆற்காட்டுக்குப் போக, அங்கிருந்து கர்னல் கில்லஸ்பி 19-ஆம் லைட் டிராகூன் குதிரைப்படையோடு வந்தார். சுமார் 25 கிலோமீட்டர்தான். அன்றைக்குப் பகலுக்குள்ளேயே கோட்டை மீண்டும் கம்பெனி கையில். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மடிந்தார்கள். உடை விதி பின்வாங்கப்பட்டது, 1807-இல் கிரடாக்கையும் சென்னை ஆளுநர் வில்லியம் பென்டிங்கையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

இதில் கொடி செய்த வேலையைக் கூர்ந்து பாருங்கள். காவலர்களைக் கொல்வதற்குக் கொடி தேவையில்லை. கொடி ஏறியபின்தான் அது சம்பளம், தலைப்பாகை, கசையடி பற்றிய தகராறாக இல்லாமல் ‘இந்தக் கோட்டை இனி உன்னுடையது அல்ல’ என்ற அறிவிப்பு ஆனது. முன்தினம் வரை அதே கம்பெனியின் சம்பளத்தை வாங்கிக்கொண்டு அதே கோட்டைக்குக் காவல் நின்றவர்கள் அதைச் செய்தார்கள். மேலே இருபது வாக்கியத்திலிருந்து பிழிந்த பொருளின் எல்லாக் கூறும் இதில் இருக்கின்றன: கீழே இருப்பவர், உள்ளே இருப்பவர், வெளிப்படையாக. தொடரை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தமிழ்நாட்டிலேயே கிடைப்பது அரிது. வகுப்பில் சொல்வதற்கு மக்கான் சந்திப்பில் நிற்கும் நினைவுத்தூணே போதும்.

ஆனால் எடுத்துக்காட்டு வேறு, பிறப்பிடம் வேறு. பிறப்பிடம் என்று சொல்ல வேண்டுமானால் கதை மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நிகழ்வுக்கு முன்பே அந்தப் படம் இருந்ததா? இருந்தது, பட்டினப்பாலையில் பார்த்தோம். அங்கேயே கதைக்குப் பாதி உயிர் போய்விட்டது.

நிகழ்வின் அடையாளம் ஏதாவது தொடரில் ஒட்டியிருக்கிறதா? ‘நீ இன்னா பெரிய ஆற்காட்டு நவாபா?’ என்ற கிண்டலில் ஊரும் ஆளும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள், பிறப்பைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ‘போர்க்கொடி தூக்கு’ என்பதில் வேலூர் இல்லை, கோட்டை இல்லை, சிப்பாய் இல்லை, தலைப்பாகையும் இல்லை.

அந்த நிகழ்வோடு தொடர்பே இல்லாத மொழிகளிலும் இதே தொடர் உண்டா? இதற்கு வேலூரில் நூலகம் தேவையில்லை, அக்கம்பக்கத்தில் கேட்டாலே போதும். உருது பேசும் வீட்டில் ‘பகாவத் கா ஜண்டா’ உயர்த்துவது உண்டு. சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கில் ‘திருகுபாட்டு ஜெண்டா’ பறக்கவிடுவார்கள். ஆங்கிலத்திலும் கலகத்தின் கொடியை உயர்த்துவது பழைய வழக்கு. கொடியோடு போருக்குப் போன எல்லா ஊரிலும் முளைக்கக்கூடிய படம் இது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்தது என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு தவறு, ஆவணங்களை நம்பிச் செய்வது. 1806 பற்றிய விசாரணைப் பதிவுகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. சிப்பாய்கள் தமிழிலும் தெலுங்கிலும் இந்துஸ்தானியிலும் பேசியதை மொழிபெயர்த்து எழுதியவை. அதைத் திரும்பத் தமிழாக்கும்போது ‘போர்க்கொடி தூக்குவோம் என்று சிப்பாய்கள் முழங்கினர்’ என்று எழுதினால், நம் சொல்லை அவர்கள் வாயில் திணித்துவிட்டு, பிறகு அதையே சான்றாகக் காட்டுவது போலாகும். ‘கலகம்’, ‘புரட்சி’ என்ற பெயர்களும் அப்படித்தான். கம்பெனி பார்வையில் நின்று எழுதியவர் கலகம் என்பார், நாம் இன்று புரட்சி என்கிறோம். எந்தப் பெயர் எந்த ஆண்டு நூலில் வருகிறது என்று குறித்துக்கொண்டே போங்கள்.

பிறப்பை முதலில் மூன்றாக உடைத்தோமே, அதில் மூன்றாவது கேள்வி, கொடியே இல்லாத இடத்தில் போர்க்கொடி. மாமியார் வீட்டுச் சண்டைக்கும் கட்சிப் பூசலுக்கும் இதை இழுத்து வந்தது நாளிதழ்த் தமிழ்தான் என்பது எங்கள் கணிப்பு. காரணம், பேச்சில் இதற்கு வேறு சொற்கள் தாராளமாக இருக்கின்றன: மல்லுக்கு நிக்கிறான், வரிஞ்சு கட்டினு வரான், முரண்டு புடிக்கிறான். இவற்றில் உடம்பு இருக்கிறது. வேட்டியை வரிந்து கட்டுவதும் மல்யுத்தத்துக்கு நிற்பதும் கண்ணால் பார்த்தவை. போர்க்கொடி தெருவில் பார்த்தது அல்ல, படித்தது. வாயில் சேர்த்த பத்து வாக்கியத்திலும் அதைச் சொன்னவர் பெரும்பாலும் பேப்பர் படிக்கிறவராகவோ, சொல்லும்போது லேசாகச் சிரித்தவராகவோ இருப்பார். பக்கத்தில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த முறை கைக்கு வந்துவிட்டதா என்று பார்க்க, கொடிக் குடும்பத்திலிருந்தே இன்னொன்றை எடுங்கள். பச்சைக்கொடி காட்டுவது சம்மதம். ரயிலிலிருந்து வந்தது என்று உடனே தோன்றும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடு வரைதான் ஓடியது. அதனால் 1856-க்கு முன் இந்தத் தொடர் இருக்க வழியில்லை என்று எழுதலாம். அன்றே பிறந்தது என்று எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். அந்தக் கால ஆங்கிலேய ரயில் வழக்கில் ‘போகலாம்’ என்பதற்கு வெள்ளை, ‘மெதுவாக, எச்சரிக்கையாக’ என்பதற்குத்தான் பச்சை. பச்சை ‘போகலாம்’ ஆனது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். கருப்புக்கொடி காட்டுவதற்கு 1928 சைமன் கமிஷன் எதிர்ப்பு வரை எளிதாகப் போய்விடலாம், அதற்கு முன் உண்டா என்று தேடுவது நல்ல பயிற்சி.

கடைசியாக, கண்டுபிடித்ததை ஓர் அட்டையில் ஆறு வரிக்குள் எழுதுங்கள். மாதிரிக்கு:

தொடர்: போர்க்கொடி தூக்கு / உயர்த்து. (ஏற்று, காட்டு வராது.)
அமைப்பு: யாருக்கு + எதிராக. தூக்குபவர் கீழே, உள்ளே இருப்பவர்.
பொருள்: அதிகாரத்தை வெளிப்படையாக எதிர்த்து நிற்றல்.
படம்: சவாலுக்குக் கொடி எடுத்தல், பட்டினப்பாலை. அங்கே சமமானவர்களிடையே.
ஊர்க் கதை: வேலூர்க் கோட்டை, 10-7-1806. எடுத்துக்காட்டாகப் பொருந்தும். பிறப்பிடம் அல்ல.
முதல் அச்சுச் சான்று: ஆண்டு, நூல், பக்கம்.

ஆறாவது வரியை மட்டும் பென்சிலால் எழுதுங்கள். அதைவிடப் பழைய பக்கம் ஒன்று கிடைக்கும் நாளில் அழிக்க வேண்டியிருக்கும்.